கறுப்புக் குடை

பெரிய சிலந்தியின் வலையில், அது சீந்தாத கொசுக்களைத் தின்று பிழைக்கும் அந்தக் குட்டிச் சிலந்தி மிளகளவுகூட இருக்காது. வெள்ளியை உருக்கி ஒரு சொட்டு விட்டதுபோல் இருக்கும். பின்னால் கறுப்பாக ஏதாவது இருந்தால்தான் புகைப்படத்தில் அந்த மினுக்கம் விழும். அதற்காக மாதுளைச் செடிக்குப் பின்னால் குந்தி, கறுப்புக் குடையை விரித்து விளிம்பைப் பிடித்துக்கொள்வது எஸ்தர்கனியின் வேலை. மனைவி இறந்த பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்ட வேதமுத்து, "விரல் தெரியுது பாரு, உள்ள இழு" என்று ஒவ்வொரு படத்துக்கும் அவளைக் கடிந்துகொள்வார். "சீக்கிரம் எடுங்கப்பா, கை கடுக்குது" என்று அவள் சிரிப்பாள். விரல் விழுந்த படங்களை அன்றன்றே அழித்துவிடுவார்.

எஸ்தர்கனி இறந்து வருடம் திரும்பிவிட்டது. வேறு பெண் பார்த்திருப்பதாக நேற்று மருமகன் சொன்னான். "நீங்க எங்கயும் போக வேண்டாம் மாமா. பொண்ணு வீட்லயும் சொல்லிட்டேன்." வேதமுத்து தலையாட்டினார்.

இன்று காலை பெரிய சிலந்தியைக் காணோம். தளர்ந்துபோன வலையில் குட்டி மட்டும், இழை அதிராமல், இன்னமும் பயந்து பயந்தே நடந்துகொண்டிருந்தது. கேமராவோடு தனியாக நின்றவரைப் பார்த்துவிட்டு மருமகன் குடையை எடுத்துவந்து செடிக்குப் பின்னால் குந்தினான். அவன் கை ஆடவில்லை. படத்துக்குள் சிலந்திக்குப் பின்னால் கறுப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. வேதமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பொத்தானை அழுத்தவில்லை.

"விரல் கொஞ்சம் தெரியட்டும் மாப்ள" என்றார்.