சவுதிக்குப் போகும் டப்பா

“வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார்?”

“சவுதியில, டாக்டர்.”

மூன்றாவது வீட்டிலும் இதே பதில். பெர்லா திமாயுகாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சிறைக்குப் போனவர்களின் குடும்பத்துக்கு என்னென்ன நோய் வருகிறது என்று ஆராய்ச்சி செய்யத்தான் மணிலாவின் இந்தச் சந்துக்கு அவள் வந்திருந்தாள். வந்து பார்த்தால் சந்தில் பாதிப் பேர் விமானம் ஏறிப் போயிருக்கிறார்கள்!

“தெரு மாறி வந்துட்டோமா, அக்கா?” என்று கூட வந்த சுகாதாரத் தொண்டர் பாஸிங்கிடம் கிசுகிசுத்தாள்.

பாஸிங் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சவுதி ரெண்டு இருக்கு, டாக்டர். ஒண்ணு ஏரோப்ளேன்ல போறது. இன்னொண்ணு நம்ம ஊர் ஜீப்னி வண்டியில போறது. இந்தத் தெரு ஆம்பளைங்க எல்லாம் ஜீப்னி சவுதி. உள்ள கம்பி எண்ணிட்டிருக்கானுங்க. புள்ளைங்க காதுல விழற மாதிரி அதைச் சொல்ல முடியுமா?”

பெர்லாவுக்குச் சுருக்கென்றது. பிள்ளைகளிடம் உண்மையை மறைத்தால் அது நோயாக வெளியே வரும் என்று மேடைக்கு மேடை பேசுகிறவள் அவள். அந்த மூன்றாவது வீட்டு நெனிதாவைக் குழாயடிக்குத் தனியே அழைத்துப் போனாள்.

புருஷன் ரோதேல் பிடிபட்டு நாலு வருஷம் ஆகிறதாம். வழக்கு இழுத்துக்கொண்டே போகிறதாம்.

“உங்க பொண்ணுக்கு உடம்பு எப்படி?”

“மெய்லினா? நல்லாத்தான் இருக்கா. ஞாயித்துக்கிழமை வந்தா மட்டும் வயித்து வலி. ஒரு துண்டு கறி தொடமாட்டா. ஆளும் இளைச்சுட்டே வர்றா. பூச்சி மருந்து குடுத்தாச்சு, மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தியாச்சு. ஒண்ணுத்துக்கும் கேக்கல, டாக்டர்.”

“ஞாயித்துக்கிழமை மட்டுமா?” பெர்லாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. “அன்னிக்கு வீட்டுல என்ன விசேஷம்?”

“அன்னிக்குத்தான் அவரைப் பார்க்கப் போவேன். அங்க போடுற சோத்தை வாயில வைக்க முடியாது. அதான் பன்னிக்கறியை வினிகர்ல வேகவச்சு அதோபோ செஞ்சு டப்பாவுல கொண்டு போவேன். யாரோ சவுதிக்குப் போறாங்க, அப்பாவுக்குக் குடுத்தனுப்புறேன்னு இவகிட்ட சொல்லிடுவேன்.”

“வாராவாரமா ஒருத்தர் சவுதிக்குப் போறார்?”

“சின்னப் புள்ளைதானே, நம்பிடுவா.”

பெர்லாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

“நோயை நீங்களே ஊட்டி வளர்க்கிறீங்க, நெனிதா! அம்மா எதையோ மறைக்கிறான்னு புள்ளைக்கு உள்ளுக்குள்ள தெரியுது. வாய்விட்டுக் கேக்க முடியல, வயிறு கேக்குது. இன்னிக்கே உண்மையைச் சொல்லிடுங்க. எப்படிச் சொல்றதுன்னு நான் கத்துத் தர்றேன்.”

நெனிதாவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் பெர்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம், டாக்டர். அப்பா சவுதியில இருக்கார்னுதான் அவ பள்ளிக்கூடத்துல தலைநிமிர்ந்து நடக்கிறா. வயித்து வலியைப் பத்தி என்ன வேணா கேளுங்க. அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க.”

அரை மனசோடு பெர்லா தலையாட்டினாள்.

மெய்லின் வாசலில் ரப்பர் செருப்பை வீசி, டின்னைக் கவிழ்த்து விளையாடிக்கொண்டிருந்தாள். பத்து வயசுக்கு எலும்பும் தோலுமாக இருந்தாள். பெர்லா பக்கத்தில் போய்க் குந்தினாள்.

“வயிறு எந்தப் பக்கம் வலிக்கும், கண்ணு?”

“ஊசி போடுவீங்களா?”

“நான் கேள்வி கேக்கிற டாக்டர்தான். ஊசி கிடையாது.”

மெய்லின் குழாயடியை எட்டிப் பார்த்தாள். அம்மா வாளியை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“அம்மாகிட்ட சொல்லமாட்டீங்கல்ல?”

“சத்தியமா மாட்டேன்.”

“வலிக்கவே வலிக்காது.”

“அப்புறம் ஏன் அப்படிச் சொல்றே?”

“வலிக்கலன்னா அம்மா என் பங்குக் கறியை எனக்கே வச்சுடுவாங்க. டப்பா பாதிதான் இருக்கும்.”

பெர்லா அந்த மெலிந்த தோளைத் தடவிக் கொடுத்தாள். ஆனாலும் ஆராய்ச்சிக்காரப் புத்தி சும்மா இருக்குமா? மெல்ல ஆழம் பார்த்தாள்.

“அப்பாவுக்குத்தான் சவுதியிலயே நல்ல சாப்பாடு கிடைக்குமே?”

மெய்லின் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“சவுதிக்குள்ள பன்னிக்கறியே கொண்டுபோக விடமாட்டாங்க, டாக்டர். எங்க டீச்சரோட அண்ணன் அங்கதான் இருக்கார். இவ்வளவு படிச்சிருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?”

சிறுமி குரலைத் தாழ்த்தினாள்.

“அப்பா எங்கன்னு எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா பாவம், அழுவாங்க.”

வாளியோடு நெனிதா வந்து நின்றாள். பயந்த முகத்தோடு மகளையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன நோய், டாக்டர்?”

மறைக்காதே என்று மேடை மேடையாகப் பேசியவள் இப்போது மறைக்கத் துணிந்தாள். பெர்லா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“நோய் ஒண்ணும் இல்ல. இனிமே அதோபோவுல முட்டையும் உருளைக்கிழங்கும் தாராளமா சேருங்க, அளவு பெருகும். மொதல்ல இவ கண்ணெதிர்ல டப்பாவை மூடி போட முடியாத அளவுக்கு நிரப்புங்க. அப்புறம் இவளுக்குத் தட்டு வைங்க. வலி வராது.”

“டப்பாவுக்கும் இவ வயித்துக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?”

மெய்லின் செருப்பைக் கையில் பிடித்தபடி, மூச்சுக்கூட விடாமல் நின்றாள்.

“பெரிய ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது, நெனிதா” என்றாள் பெர்லா. “சவுதியில.”