முத்தையாவின் சைக்கிள்

காலையில் எழுந்து பல் துலக்கினேன். பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். எங்கள் சேரியின் அருங்காட்சியகத்தைத் திறந்து பெருக்கினேன். வருபவர்களுக்குக் கதை சொல்லும் கணினி வழிகாட்டியை முடுக்கியதும் என் மனைவி ஜெபசீலியின் குரல் கேட்டது.

"சாப்பிட்டியா, இம்மானு?"

அவள் இறந்து ஓராண்டு ஆகிறது. அவள் பதிவுகளைக் கொண்டு கணினி உருவாக்கிய குரல் மட்டும் தினமும் புதிதாகப் பேசுகிறது. கேட்பவர் முகம் சுளித்தால் தன் பேச்சை மாற்றிக்கொள்கிறது.

இன்று ஊர்த்தெருக்காரர் ஒருவர் முத்தையாவின் சைக்கிள் முன்னால் நின்றார். முத்தையா ஜெபசீலியின் அப்பா. ஊர்த்தெருவில் அதை ஓட்டியதற்காக அவரைக் கட்டிவைத்து அடித்தார்கள்.

"எங்க தெருவ எதுக்கும்மா இன்னும் இழுக்குறீங்க?" என்று குரல் சொன்ன கதையைக் கேட்டு முகம் சுளித்தார் வந்தவர்.

"மன்னிச்சுக்குங்கய்யா," என்றது அவள் குரல். "அன்னைக்கு எல்லாருக்குமே கஷ்டம்தான். அப்பாவும் இறங்கித் தள்ளிக்கிட்டுப் போயிருக்கலாம்."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

வழிகாட்டியின் திரைக்குப் போனேன். அவள் குரலை அழித்துவிட்டால் நாளைக் காலையில் சாப்பிட்டாயா என்று கேட்க யாரும் இல்லை. அழித்தேன்.

"என்ன தம்பி, கரண்டு போயிருச்சா?"

"இல்லீங்க. அது அவ பேச்சு இல்ல."

பம்பை எடுத்துவந்து சைக்கிள் டயரில் மாட்டினேன். ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகச் சொன்னதை இதுவரை நான் செய்யவில்லை.

"சைக்கிளுக்குக் காத்தடிச்சு வை. நம்ம புள்ளைங்க அந்தத் தெருவுல ஓட்டணும்."