ட்ரையலா, பெய்டா?

"அழுகையை அப்புறம் வெச்சுக்கடி. மொதல்ல அது ட்ரையலா, பெய்டான்னு பாரு," என்றாள் தோழி அதிதி, போனில்.

கண்மணி அழவில்லை. கோபத்தில் மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். புருஷன் கிரீஷ் காலை ரயிலைப் பிடித்து மன்ஹாட்டன் போய்விட்டால், எடிசனில் அந்த அபார்ட்மென்ட்டில் இருட்டும்வரை சத்தம் போடுவது ஃப்ரிட்ஜ் மட்டும்தான். இன்றைக்கு லேப்டாப்பும் வாயைத் திறந்துவிட்டது.

ஏதோ அப்டேட் ஆகி, திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. கண்காணிப்பு இயங்குகிறதாம். அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால், அவள் டைப் அடிப்பது, திறக்கும் பக்கம், எல்லாவற்றையும் படம் பிடித்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருக்கிற சாஃப்ட்வேர்.

யாருக்கோ என்ன யாருக்கோ? முந்தாநாள் சாப்பிடும்போது, "டெக்சாஸ்ல எம்.எஸ்.சுக்கு அப்ளை பண்ணியிருக்கியாமே?" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான் கிரீஷ். அதை அவள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அதிதியிடம்கூட.

"ட்ரையலா இருந்தா என்ன, பெய்டா இருந்தா என்ன? ரெண்டும் வேவுதானே?"

"இல்லடி. ட்ரையல்னா ஏதோ சந்தேகத்துல சும்மா போட்டுப் பார்த்திருப்பான். கிழிகிழின்னு கிழிச்சுட்டு மன்னிச்சு விட்டுடலாம். காசு கொடுத்து வாங்கியிருந்தா, ப்ளான் பண்ணிப் பண்ணியிருக்கான். நீ துணியை எடுத்து வை, நான் பார்சிப்பனிலேர்ந்து கார் எடுத்துட்டு வர்றேன்."

கண்மணிக்கும் அது சரியாகத்தான் பட்டது. வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் வந்து சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள். குடும்பத்திலேயே முதன்முதலில் அவள் வாங்கிய டிகிரி, சூட்கேஸின் அடியில் மடங்கிக் கிடக்கிறது. இதில் வேவும் பார்ப்பான் என்றால் அந்த வீட்டில் அவளுக்கு என்ன வேலை?

"மேல ஹெல்ப்னு இருக்கா? அதுக்குள்ள அபௌட். இல்லேன்னா மை அக்கவுன்ட்."

திறந்தாள். "ட்ரையல்னு எங்கயும் போடல. ஃபுல் வெர்ஷன், ஆக்டிவ்னு பச்சையா இருக்கு. போன மாசம் ரெனியூ ஆயிருக்கு."

"ரெனியூ வேறயா! அடப்பாவி. யார் பேர்ல?"

"மெயில் ஐடி பூரா நட்சத்திரம் போட்டு மறைச்சிருக்கு. பணம் ரூபாயில கட்டியிருக்கு."

"என்னது, ரூபாயிலயா?"

"அவன் அப்படித்தான். படம் பார்க்கிறது, பாட்டு கேக்கிறது, எல்லாமே இந்தியா அக்கவுன்ட்லதான் வாங்குவான். டாலர்ல வாங்குறவன் முட்டாளாம். பொண்டாட்டியை வேவு பார்க்கிறதுலயும் டிஸ்கவுன்ட் பார்த்திருக்கான் பாரு."

அதிதி சிரித்தாள். கண்மணியும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அந்த லேப்டாப் அவள் காலேஜில் சேர்ந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்தது. சாத்தூரில் சேவுக்கடை வைத்திருக்கிற மனுஷன். பொட்டப்புள்ளைக்கு இது எதுக்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவர்களை வாசலுக்கு அனுப்பியவர். இங்கே வந்த பிறகும், அவள் மனசு சரியில்லாத அன்று பார்த்துக் கூப்பிட்டு, "ஏந்தாயி, சாப்பிட்டியா?" என்பார். அவளுக்கு மிச்சம் இருந்த ஒரே ஆள்.

அவர் கொடுத்த பொருளில் கை வைத்திருக்கிறான்.

கிரீஷ் வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். அவன் கோட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்து படித்தான்.

"நான் எதுவும் போடல, கண்மணி."

"பின்ன பேயா வந்து போட்டுச்சு? டெக்சாஸ் விஷயத்தைக் கனவுல கண்டீங்களா?"

"இரு. உங்கப்பாவுக்குப் போன் போடு, பேசிடலாம்."

"எங்கப்பாவை எதுக்கு இழுக்கறீங்க? அவர் செருப்புக்குப் பெறுவீங்களா நீங்க?"

அவன் லேப்டாப்பை மூடி அவள் கையிலேயே கொடுத்தான். அவள் சூட்கேஸை இழுத்துக்கொண்டு வெளியே போகும்போது, "சாப்பிட்டாவது போ," என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே அதிதி கார் கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

பார்சிப்பனியில் அதிதி வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு மடக்குக் கட்டில். அந்த சாஃப்ட்வேரை அதிதியே வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் படுக்கப் போனாள். காலையில் அவளும் ஆபீஸ் கிளம்பிவிட்டாள்.

மறுபடி சத்தமில்லாத வீடு. கூரையை ஒட்டிய ஜன்னலில் பக்கத்து வீட்டுக்காரரின் பூட்ஸ் கால்கள் மட்டும் போயின, வந்தன. கிரீஷிடமிருந்து போனும் இல்லை, மெசேஜும் இல்லை. எதிர்பார்க்கிறோமே என்று தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அப்பாவிடம் சொல்லிவிட வேண்டியதுதான். ஊர் என்ன சொன்னாலும் அவர் அவள் பக்கம் நிற்பார். அவள் எடுப்பதற்குள் போனே அடித்தது. அவர்தான்.

"அப்பா..."

எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அவரே ஆரம்பித்தார்.

"ஏந்தாயி, நேத்துலருந்து உன் கம்ப்யூட்டரு எனக்குத் தெரியவே மாட்டேங்குதே?"