ஒரே பிளக் பாயிண்ட்

ஆனையூர் வீட்டின் கூடத்தில் நேற்றுக் காலையிலிருந்து டிவி ஓடிக்கொண்டே இருக்கிறது. வீடியோ கேமின் நீலச் சட்டைப் பொம்மை, பள்ளத்துக்கு மேலே தாவிய நிலையில், பாஸ் போட்டபடி அந்தரத்தில் நிற்கிறது. "ஆஃப் பண்ணிராத தமிழு, வந்து முடிக்கிறேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் சிவபாண்டி பைக்கை எடுத்தான். அணைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆடவேண்டும். அந்தக் கேசட் அப்படி. "சண்டை கேமுல பட்டனைக் கண்டமேனிக்குத் தட்டுனா எவனும் ஜெயிப்பான். தாவுற கேம்தான் கேமு" என்பான். சண்டையில் அவனை எப்போதும் வீழ்த்துகிற தமிழ்வாணி, "தோத்தவன் பேச்சு" என்பாள். ஆனால் இந்தப் பள்ளத்தை அவள் ஒருநாளும் தாண்டியதில்லை.

கீழக்குயில்குடி ரோட்டில் லாரி அடித்துச் செத்த சிவபாண்டியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வேன் கிளம்பிவிட்டதாம். வாசலில் பந்தலுக்குக் குழி தோண்டும் சத்தம். உடலை வைக்க வாடகை ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிவைத்த கண்ணுச்சாமி, வயரும் கையுமாகச் சுவரைப் பார்க்கிறார். "வேற பிளக் இல்லையாம்மா?" இல்லை. கூடத்துக்கே டிவி மாட்டியிருக்கும் இது ஒன்றுதான். தமிழ்வாணி ஜாய்ஸ்டிக்கை எடுக்கிறாள். பட்டன்மேல் கட்டைவிரலை வைக்கிறாள். அழுத்தினால் பொம்மை விழுந்துவிடும். ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டு, பொம்மை அந்தரத்தில் நிற்கும்போதே பிளக்கைப் பிடுங்குகிறாள். திரை ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி மறைகிறது. அதே பிளக் பாயிண்டில் கண்ணுச்சாமி தன் வயரைச் செருகுகிறார். காலிப் பெட்டி உறுமத் தொடங்குகிறது. உள்ளே கைவிட்டுக் குளிர்ச்சி பார்த்தவர், கூடத்தில் இருப்பவர்களைப் பார்த்துச் சொல்கிறார்.

"ஓடுது. இனி யாரும் ஆஃப் பண்ணிராதீங்க."