பத்தாம் நம்பர் ஸ்பானர்

காலை பத்தே முக்காலுக்குப் பலகையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

எங்கள் விமானத்தளத்தில் கருவிகளை மாட்டி வைக்கும் பலகை அது. ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதே வடிவத்தைக் கறுப்பு பெயின்ட்டில் வரைந்திருக்கும். கருவியை எடுத்தால் கறுப்பு தெரியும். பத்தாம் நம்பர் ஸ்பானரின் கறுப்பு தெரிந்தது.

ஒரு ஸ்பானர் குறைந்தால் ஒரு விமானமும் கிளம்பக் கூடாது. அது எந்த எஞ்சினுக்குள் கிடக்கிறதோ, யார் கண்டது? கிடைக்கிற வரை விமானக் கொட்டகையை விட்டு யாரும் வெளியே போகவும் கூடாது. விதி அப்படி.

பதினோரு மணிக்குக் கிளம்ப வேண்டிய நான்கு விமானங்கள் குண்டுகளோடு வெயிலில் நின்றன. விமானிகள் இறங்கி வந்து இறக்கையின் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கருவிகளுக்கு நான்தான் பொறுப்பு.

"உங்க இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு ஆணி தொலைஞ்சதில்லையே அண்ணே, இன்னைக்குன்னு பார்த்தா இப்படி ஆகணும்?" என்று மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டான்.

தேடினோம். எஞ்சின் மூடிகளைக் கழற்றினோம். சக்கரங்களுக்கு அடியில் படுத்துப் பார்த்தோம். எல்லோருடைய சட்டைப்பைகளையும் நானே தடவிப் பார்த்தேன்.

தளபதி இரண்டு முறை வந்து கத்திவிட்டுப் போனார். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நின்றேன். பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

இந்தக் கொட்டகையை எந்த ஊர்க்காரனோ எந்தச் சண்டைக்கோ கட்டினான். அவன் மூட்டை கட்டிப் போன பிறகு ஓடுதளத்தில் ஆடு மேய்ந்தது.

அப்புறம் பதினோரு வருஷம் பயணிகள் விமானம் வந்து போயிற்று. எல்லைக்கு அந்தப் பக்கம் போக நாற்பது நிமிஷம். அக்காவைக் கட்டிக் கொடுத்து இங்கிருந்துதான் அனுப்பினோம். அத்தான் ஜன்னல் இருக்கையை அவளுக்கு விட்டுக் கொடுத்தார் என்று அம்மா ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு இரண்டு நாடுகளும் முறைத்துக்கொண்டன. பட்டாளம் வந்தது. இப்போது எங்கள் விமானங்களுக்கு அந்தப் பக்கம் போகப் பத்து நிமிஷம் போதும். டிக்கெட்டும் வேண்டாம்.

மதியம் இரண்டு மணி அடித்தது. மேலும் பத்து நிமிஷம் தேடினேன்.

பிறகு தள்ளுவண்டிக்குப் பின்னால் குனிந்து, இடது ஷூவைக் கழற்றினேன். கால் மரத்துப் போயிருந்தது. உள்ளேயிருந்து ஸ்பானரை எடுத்து, வண்டியின் அடித்தட்டில் வைத்துவிட்டு, கிடைத்துவிட்டது என்று கூவினேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். மெக்கானிக் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பதினைந்து நிமிஷத்தில் நான்கு விமானங்களும் மேலே ஏறின. கொட்டகையின் தகரம் கொஞ்ச நேரம் அதிர்ந்து அடங்கியது.

நேற்று ஒரு கையெழுத்து வாங்க விமானிகளின் அறைக்குப் போயிருந்தேன். சுவர் வரைபடத்தில் அக்காவின் ஊரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் பதினோரு மணி என்று எழுதியிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவளுக்குப் போன் போட்டேன். ஊரை விட்டுக் கிளம்பு என்று மட்டும் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. காலை பஸ்ஸில் இடம் இல்லை, இரண்டு மணி பஸ்தான் என்றாள். ஊர் எல்லையைத் தாண்ட அதற்குப் பத்து நிமிஷம் ஆகுமாம்.

சரி, இரண்டு மணி பஸ்ஸிலேயே போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"பக்கத்து வீட்டுக்காரிகிட்டயும் சொல்லட்டுமாடா? கூடப் பிறந்தவ மாதிரிடா அவ எனக்கு."

ஒரு வாய்க்குப் போனால் ஊர் வாய்க்குப் போகும். அப்புறம் என் தலை தப்பாது.

வேண்டாம் என்று சொன்னேன்.