குஞ்சம்மாளின் மகளுக்குப் பாடம்

"அபி, இப்பதானேடா உக்காந்தே? அதுக்குள்ள ஃபிரிட்ஜ்ல என்னத்தைத் தேடுறே?"

"தண்ணிம்மா!"

"நாலாவது தடவை. ஒட்டகம்கூட இவ்வளவு குடிக்காது!"

அபிஷேக் பாட்டிலோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பேனாவை உருட்டினான். ஜன்னலைத் திறந்தான், தில்லி கிட்வாய் நகர் வெயில் முகத்தில் அறைந்ததும் மூடினான். பொருளாதாரப் புத்தகத்தில் அதே பக்கம் மூன்று நாளாகத் திறந்து கிடந்தது. கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் நாற்பது நாள்தான்.

போன வருடமும் இதே கூத்துதான். கோச்சிங், ஆன்லைன் வகுப்பு, சுவர் முழுக்க டைம்டேபிள் என்று எல்லாம் இருந்தது. உட்கார்ந்து படிப்பதுதான் இல்லை. மார்க் வந்தபோது ஒரு கல்லூரியும் எட்டவில்லை. கூடப் படித்தவர்கள் தில்லிப் பல்கலைக்கழகத்தின் நார்த் கேம்பஸ் கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் திருச்சியில் மாமா வீட்டில் தங்கி, அங்கே கிடைக்கிற கல்லூரியில் சேர வேண்டியதுதான் என்று அப்பா நரேன் கறாராகச் சொல்லிவிட்டார். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது நாடு கடத்தல். அதை நினைத்ததும் மறுபடி எழுந்து ஃபிரிட்ஜுக்குப் போனான்.

"தம்பி, கொஞ்சம் தள்ளிக்குங்க."

தரையைத் துடைத்துக்கொண்டே வந்தாள் குஞ்சம்மாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்த பிறகு, ஊர்க்கோடியில் இருக்கும் நரேலாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள்.

"இது என்னா புக்கு தம்பி? காலேஜுல சேர எழுதுற பரீச்சைக்கா? என் பொண்ணும் அதைத்தான் எழுதுறா."

அபி நிமிர்ந்தான். "அச்சா? எங்கே கோச்சிங் போறா?"

"கோச்சிங்கா! நல்லாக் கேட்டீங்க போங்க. சொல்லிக் குடுக்க ஆளில்லாம அழுவுறா. இந்தப் பாடத்தை என் போன்ல நாலு வார்த்தை பேசி ரெக்கார்ட் பண்ணிக் குடுத்தீங்கன்னா, எடுத்துட்டுப் போயி போட்டுக் காட்டுவேன்."

சமையலறையிலிருந்து அம்மா சுபாஷிணி பாய்ந்து வந்தாள். "குஞ்சம்மா! அவனே படிக்காமக் கிடக்கான். நீ வேற அவன் நேரத்தைக் கெடுக்காதே."

"நீ சும்மா இரும்மா. தஸ் மினிட் தானே? பத்து நிமிஷத்துல என்ன ஆயிடும்?" என்றான் அபி. அம்மா வேண்டாம் என்றால் அதைச் செய்தே தீருவது பிள்ளையாண்டானின் பிறவிக் குணம்.

போனை வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டான். "விலை ஏறினா டிமாண்ட் குறையும். வெங்காயம் விலை ஏறினா நாம கம்மியா வாங்குவோம். அவ்வளவுதான், சிம்பிள்."

"அப்ப உப்பு விலை ஏறினா? உப்பில்லாமத் திம்பாங்களா?" என்றாள் குஞ்சம்மாள்.

அபி ரெக்கார்டிங்கை நிறுத்தினான். "ஏக் மினிட் ஆன்ட்டி." புத்தகத்தைப் புரட்டினான். அரை மணி நேரம் புரட்டினான். ஃபிரிட்ஜ் நினைவே வரவில்லை.

மறுநாள் வந்ததும் வராததுமாகக் குஞ்சம்மாள் சொன்னாள்: "நேத்து நீங்க பேசினது அவளுக்குப் புரியலையாம் தம்பி."

"புரியலையா? என்ன புரியலை?" ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து குறிப்பெடுத்தான். அதற்கடுத்த நாள், "இப்பப் புரிஞ்சிடுச்சாம். அடுத்தது பேங்க்கைப் பத்திக் கேக்கறா," என்று அவள் சொன்னபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் தினமும் இதே கதைதான். மாதிரித் தேர்வில் எந்தக் கேள்விகளில் தப்பு வரும் என்று அந்தப் பெண் கேட்டாளாம். அதற்காக அபியே கடிகாரத்தை வைத்துக்கொண்டு பதினைந்து மாதிரித் தேர்வு எழுதினான். தப்பான கேள்விகளை ஒவ்வொன்றாக விளக்கினான். குஞ்சம்மாள் பதினோரு மணிக்குத்தான் பெல் அடிப்பாள். பாடம் தயாராகவில்லையே என்று பத்து மணிக்கே அவனுக்குக் கை கால் பரபரக்கும்.

"ஊரான் வீட்டுப் பொண்ணுக்குப் படிச்சா உனக்கு எவண்டா மார்க் போடுவான்?" என்று சுபாஷிணி கத்துவாள்.

"பாவம்மா அது! அவளுக்கு வேற யாரு இருக்கா?" என்று அவனும் பதிலுக்குக் கத்துவான்.

தேர்வு முடிந்தது. ரிசல்ட் வந்த அன்று போனைத் தொடவே பயந்து, ஹாலுக்கும் பால்கனிக்கும் இருபது நடை நடந்தான் அபி. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டான். திறந்து பார்த்தான். வீடே அதிரக் கத்தினான். போன வருடம் எட்டாத கல்லூரிகளில் பாதி இப்போது கைக்குள் இருந்தது. சுபாஷிணி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவள் பிடியை உதறிவிட்டு அவன் சமையலறைக்கு ஓடினான்.

"ஆன்ட்டி, ஜல்தி! உங்க பொண்ணோட அப்ளிகேஷன் நம்பர், பிறந்த தேதி ரெண்டையும் சொல்லுங்க. அவ ரிசல்ட்டையும் பாத்துடலாம்."

குஞ்சம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அவன் பின்னாலேயே வந்து நின்ற சுபாஷிணியைப் பார்த்தாள். சுபாஷிணி சுவரைப் பார்த்தாள்.

"பயப்படாம சொல்லுங்க ஆன்ட்டி. மார்க் கம்மியா வந்திருந்தா அது அவ தப்பில்ல. நான்தான் சரியாச் சொல்லிக் குடுக்கலைன்னு அர்த்தம்."

"ஐயோ தம்பி, எனக்கு ஏது பொண்ணு? ரெண்டும் பசங்க, ரெண்டு பேரும் வேலைக்குப் போறானுங்க," என்றாள் குஞ்சம்மாள். "'இவன் தனக்காக உக்காந்து படிக்க மாட்டான், அடுத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்னா படிப்பான், நீ பொண்ணு இருக்கறதாச் சொல்லிக் கேளு, நான் வேணாம்னு கத்துறேன்'னு உங்கம்மாதான் எனக்குப் பாடம் எடுத்தாங்க!"