கை கோத்தால் எரியும் பந்து

மண்ணரைப் பள்ளியில் பெற்றோர் நாள். மூன்றாம் வகுப்பு ஆசிரியை விஜயராணி, மின்சாரப் பாடத்துக்காக, உள்ளே சிறு விளக்கும் வெளியே இரண்டு உலோகத் தகடுகளும் உள்ள ஒரு பந்தை எடுத்துக் காட்டினார்.

"ஆளுக்கொரு தகடா ரெண்டு பேர் பந்தைத் தொட்டுக்கோங்க, மத்த எல்லாரும் வட்டமா நின்னு கை கோத்துக்கோங்க. கை வழியாத்தான் கரண்ட் போகும். ஒரு இடத்துல கை விட்டுப்போனாலும் பந்து எரியாது."

யாழினி தன் அப்பா இளங்குமரனையும் அம்மா பூங்கொடியையும் அடுத்தடுத்து நிறுத்திவிட்டு, எதிரே தோழி கிருத்திகாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

அப்பாவும் அம்மாவும் பேசி ஒரு மாதமாகிறது. மடத்துக்குளத்துத் தாய்வீட்டிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்திருந்த பூங்கொடி, விரல் நுனியை மட்டும் நீட்டினாள்.

பந்து எரியவில்லை.

"நல்லாப் புடிங்க!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

இளங்குமரன் அவள் கையை இறுகப் பிடித்தான். அப்போதும் எரியவில்லை.

"ஏனுங்க, கை இப்படி வேர்க்குது?"

"மறுபடியும் போயிருவியோன்னுதான்."

பூங்கொடி சிரித்துவிட்டாள். பந்து பளிச்சென்று எரிந்தது.

இருவரும் சேர்ந்து வண்டி எடுக்கப் போனதும், விஜயராணி பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விரல் நுனி பட்டாலே எரியணுமே! ஏன் இவ்வளவு நேரமாச்சு?"

"பந்து நல்லாத்தானுங்க மிஸ் இருக்குது," என்றாள் யாழினி. "அம்மா சிரிக்கற வரைக்கும் நான்தான் கிருத்திகா கையப் புடிக்கலீங்க."